விண்கல்லின் பிறப்பிடத்தைக் கார்பன் சொல்லுமா?

கேள்வி: கார்பன் ஐசோடோப்புகளை அளந்தே ஒரு விண்கல் செவ்வாயிலிருந்து வந்தது என்று உறுதிசெய்துவிடலாம் என ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கிருந்தாலும் கார்பன் கார்பன்தானே?

பதில்: கட்டுரை சொன்னதில் பாதிதான் சரி. எல்லாக் கார்பன் அணுவிலும் ஆறு புரோட்டான்கள்தான். நியூட்ரான் எண்ணிக்கைதான் மாறும்; அப்படி மாறும் வகைகளையே ஐசோடோப்புகள் என்கிறோம். பூமியில் ஏறத்தாழ 99 விழுக்காடு கார்பன்-12. கார்பன்-13 ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல். இந்த விகிதம் ஒரு பொதுத் தரத்திலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுகிறது அல்லது குறைகிறது என்பதையே ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தத் தரம் முதலில் வகுக்கப்பட்டது, தென் கரோலினாவின் பீடி பாறைப் படிவில் கிடைத்த, கணவாய்க்கு உறவான ஓர் உயிரியின் புதைபடிவத்தைக் கொண்டு என்பது வேடிக்கைதான்.

1984-இல் அண்டார்க்டிகாவில் எடுக்கப்பட்ட ஏஎல்எச் 84001 என்ற கல்லையே பாருங்கள். முதலில் வேறு வகையில் சேர்க்கப்பட்டிருந்த அது, 1993-இல்தான் செவ்வாய்க் கல் என இனங்காணப்பட்டது. அதற்குக் கைகொடுத்தவை கனிமங்களின் வேதியியலும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளுமே தவிர கார்பன் அன்று. ஆக்சிஜனுக்கு நிலையான ஐசோடோப்புகள் மூன்று இருப்பதால், வேதிமாற்றம் உண்டாக்கிய வேறுபாட்டையும் பிறப்பிலேயே வந்த வேறுபாட்டையும் பிரித்தறியலாம். இரண்டே உள்ள கார்பனில் அது இயலாது.

ஆனால் கல் செவ்வாயுடையது என்று தெரிந்தபின், அங்கே என்ன நடந்தது என்பதைக் கார்பன் நன்றாகவே சொல்கிறது. அதே கல்லின் விரிசல்களில் படிந்த கார்பனேட் (கார்பன் அடங்கிய கனிமம்) மணிகளில் கார்பன்-13 ஆயிரத்துக்குச் சுமார் 40 பங்கு மிகுந்திருக்கிறது. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க் காற்றில் அளந்த மிகுதி ஏறத்தாழ 46. செவ்வாயின் வளிமண்டலத்திலிருந்து லேசான கார்பன் கூடுதலாக விண்வெளிக்குத் தப்பியதால் கனமானது தங்கிவிட்டது. அந்தக் காற்று கரைந்த நீரில்தான் கார்பனேட் உருவாகியிருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அதே கல்லில் இருந்த கரிமப் பொருளின் பெரும்பகுதியில் கார்பன்-14 காணப்பட்டது. இது நிலையற்ற ஐசோடோப்பு; 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதி சிதைந்துவிடும். கல்லோ சுமார் 13,000 ஆண்டுகள் பனியில் கிடந்திருக்கிறது; அதனுடன் வந்த கார்பன்-14 இருந்திருந்தாலும் பெரும்பகுதி அதற்குள் சிதைந்திருக்கும். எனவே அந்தக் கரிமப் பொருளில் பெரும்பாலானது பூமியிலேயே உள்ளே புகுந்த கலப்படம் என்று 1998-இல் காட்டினார்கள்.

கேள்வி: அப்படியானால் கார்பன் மட்டுமே பிறப்பிடம் காட்டும் விண்கல் ஒன்றுகூட இல்லையா?

பதில்: முழுக் கல்லாக இல்லை, துகள்களாக உண்டு. 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் கல்லைக் கடும் அமிலங்களில் கரைத்தால், கரையாமல் எஞ்சும் நுண்ணிய சிலிக்கன் கார்பைடு துகள்கள் கிடைக்கின்றன. பூமியில் கார்பன்-13 அணு ஒன்றுக்குச் சுமார் 89 கார்பன்-12 அணுக்கள்; இத்துகள்கள் சிலவற்றில் அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழ், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல். இத்தனை பெரிய வேறுபாட்டை நமது சூரிய மண்டலத்தின் எந்த வேதிமாற்றமும் தராது. இவை சூரியன் தோன்றுமுன்பே வேறு விண்மீன்களைச் சுற்றி உறைந்த தூசு.