கலிஃபோர்னியாவின் சிறு நகரங்கள் பட்ஜெட் பற்றாக்குறைக்கு ஏன் விற்பனை வரியைத் தேடிப் போகின்றன?

விற்பனை வரி என்பது கடையில் பில் போடும்போது பொருளின் விலைக்கு மேல் சேர்க்கும் வரி. கலிஃபோர்னியாவில் அடிப்படை விகிதம் 7.25 சதவீதம். அதில் நகரத்தின் கைக்கு வருவது 1 சதவீதம்தான்.

சரி, சொத்து வரியைக் கூட்டலாமே? முடியாது. 1978-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவு அதற்கு 1 சதவீத உச்சவரம்பு வைத்தது. வீடு கைமாறாத வரை, வரி கணக்கிடும் மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. போலீஸ், தீயணைப்பு வீரர்களின் சம்பளமும் ஓய்வூதியமும் அந்த வரம்பைப் பார்த்து நிற்பதில்லை.

நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 200 ரூபாய் ஏறி, ஸ்கூல் ஃபீஸ் 500 ரூபாய் ஏறினால், சாயங்காலம் டியூஷன் எடுத்தாவது சமாளிப்போம். நகரத்துக்கு அந்த டியூஷன் காசுதான் கூடுதல் விற்பனை வரி. வல்லேஹோ நகரம் 2008-ல் திவால் மனுவே கொடுத்தது. 2011 நவம்பரில் அங்கே 1 சதவீதக் கூடுதல் வரி வாக்கெடுப்பில் மயிரிழையில் ஜெயித்தது.

100 டாலர் ஷூவுக்கு 1 டாலர் கூடுதல். வசதியானவருக்கு அது தெரியாது, தினக்கூலிக்காரருக்குத் தெரியும். எனக்கு இந்த வரியில் உறுத்துவது அதுதான்.

அப்புறம், அரிசி, பால் விலையும் ஏறுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அங்கே மளிகை உணவுப் பொருட்களுக்குப் பெரும்பாலும் விற்பனை வரியே கிடையாது.