நிழலுக்கும் துல்லியம் வேண்டும்

கேள்வி: 1944-ல் வந்த 'லாரா' என்ற ஹாலிவுட் படத்தை ப்ளூ-ரேயில் வாங்கலாமா? கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு?

பதில்: கறுப்பு வெள்ளைக்குத்தான் வேண்டும்! நிறம் இல்லாத இடத்தில் எல்லா வேலையையும் நிழல்தானே பார்க்கிறது. ஜோசஃப் லாஷெல் இந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியவர்; கொலையைத் துப்பறிய வந்த டானா ஆண்ட்ரூஸ், செத்துப்போனதாக நம்பப்படும் பெண்ணின் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வீட்டில் இரவில் தனியாகக் குடித்தபடி சுற்றிவரும் காட்சி, சுமாரான பிரதியில் வெறும் சாம்பல் கலங்கலாகத்தான் தெரியும். திரையில் புள்ளிகள் லேசாக அசைவது ஃபிலிமின் இயல்பு, குறை இல்லை. டிவியில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று புள்ளிகளை மழுப்பும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லாராவாக நடிக்கும் ஜீன் டியர்னி மெழுகு பொம்மையாகிவிடுவார். வாங்குங்கள்.

கேள்வி: அந்த ஓவியம் யார் வரைந்தது?

பதில்: அது ஓவியமே இல்லை! டியர்னியின் போட்டோவைப் பெரிதாக்கி மேலே எண்ணெய் வண்ணம் பூசியிருக்கிறார்கள். முதலில் இயக்கிய ரூபன் மமூலியனின் மனைவி ஒன்று வரைந்து வைத்திருந்தார், மமூலியன் நீக்கப்பட்டு ஓட்டோ பிரமிஞ்சர் இயக்க வந்ததும் அதையும் தூக்கிவிட்டார். சரி, சினிமாவில் இதெல்லாம் புதிதா என்ன?