கோதிக்கா, இல்லையா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் ஆலயம் விக்டோரியா மகாராணி காலத்தது. கூர்முனை வளைவுச் சன்னல்கள், ஒற்றைக் கோபுரம். சாயங்கால வெயில் அந்தச் சன்னல் வழியாக விழும்போது ஆராதனையில் மனம் நிற்காது. இதை ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடப் பாணியான கோதிக் என்று சொல்லலாமா? மெஞ்ஞானபுரம் ஆலயத்தோடு ஒப்பிட்டு எழுத ஆசை. பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் சுவருக்கு சிமெண்ட் பூசி பெயின்ட் அடிக்கிறார்கள். அதற்குள் படம் எடுத்து அனுப்புகிறேன்.

எஸ்., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

கோதிக் என்றே எழுதுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். லண்டன் பாராளுமன்றம் முதல் மெஞ்ஞானபுரத்து 192 அடிக் கோபுரம் வரை அந்த நூற்றாண்டின் ஆசை அது. சன்னல் வெயிலைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை இரண்டு முறை படித்தேன்.

ஆனால் அந்தக் கடைசி வரி! அவர்கள் சிமெண்ட் பூசுவார்களாம், நீங்கள் படம் எடுப்பீர்களாம்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாகத்தான் வெளியேறிக் காயும். சிமெண்ட்டால் மூடினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லைத் தின்னும். என் அம்மா ஊர் ஆலயத்தில் பார்த்தேன். பூசிய புதிதில் பளபளவென்று இருந்தது. சில மழைக்காலம் போனதும், விரலை மடக்கித் தட்டினால் பொள்ளல் சத்தம். பெயர்ந்த இடத்தில் கை வைத்தால் செங்கல் இட்லிப்பொடியாக உதிர்ந்தது. கமிட்டியார் என்ன செய்தார்கள்? அதன்மேல் இன்னொரு பூச்சு! அப்புறம் இடுப்புயரத்துக்கு டைல்ஸ்.

இங்கிலாந்திலும் இந்தக் கூத்து நடந்தது. கோதிக் பித்துப்பிடித்த அதே தலைமுறைதான் பழைய ஆலயங்களின் பூச்சைச் சுரண்டிப் 'புதுப்பித்தது'. பொறுக்கமாட்டாமல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார். அங்கே சுரண்டினார்கள், இங்கே பூசுகிறோம்.

கட்டுரை கிடக்கட்டும். நீங்கள் அந்த ஊர்ப் பிள்ளை, சொன்னால் கேட்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பக்கம் விசாரியுங்கள். செலவு கூடும், நாளும் பிடிக்கும். பண்டிகைக்குள் முடியாதென்றால் இந்த வருஷம் வெறும் வெள்ளை அடித்துக் கொண்டாடட்டும், அசனச் சாப்பாட்டில் ருசி குறைந்துவிடாது. கமிட்டிக் கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள். சேகரத் தலைவரான குருவானவருக்கு நானே ஒரு கடிதம் போடுகிறேன்.