டூ-வே அனோவா எப்போது போடுவது? சில கேள்விகள், பதில்கள்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி அனோவா (குழுக்களின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) பற்றித்தான். இந்த வாரம் வந்தவற்றுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, ஒன்-வே, டூ-வே ரெண்டையும் வகுப்பில் படித்தோம். எந்த இடத்தில் எது என்பதுதான் பிடிபடவில்லை.

அளந்தது எண்ணாக இருக்க வேண்டும்: மகசூல், உயரம், மதிப்பெண் மாதிரி. அதை மாற்றக்கூடிய காரணிகள் எத்தனை என்று பாருங்கள். ஒன்று என்றால் ஒன்-வே. இரண்டு இருந்து, இரண்டும் வகைகளாகப் பிரிந்திருந்தால் டூ-வே. எண்ண வேண்டியது காரணிகளை, குழுக்களை அல்ல. நான்கு உரங்களை ஒப்பிட்டாலும் அது ஒன்-வேதான். 'ஃபோர்-வே' என்று வைவாவில் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

இரண்டு காரணிக்கும் தனித்தனியாக ஒன்-வே போட்டால் போதாதா?

போதாது. ஆர் மென்பொருளோடு வரும் 'டூத்குரோத்' தரவை எடுத்துக்கொள்வோம். 60 கினிப்பன்றிகளுக்கு வைட்டமின் சி கொடுத்துச் செய்த ஆய்வு அது; 1947இல் வெளியானது. பாதிக்கு ஆரஞ்சுச் சாறாக, பாதிக்கு அஸ்கார்பிக் அமிலமாக. நாளுக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என்று மூன்று அளவுகள். ஆக ஆறு கட்டங்கள், கட்டத்துக்குப் பத்து விலங்குகள். அளந்தது பல்லை வளர்க்கும் செல்களின் நீளம்.

சாறா அமிலமா என்பதை மட்டும் வைத்து ஒன்-வே போட்டால் பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு வரும் வாய்ப்பு; வழக்கமாக 0.05க்குக் கீழே வந்தால்தான் 'சிக்னிஃபிகன்ட்' என்போம்) 0.06. வேறுபாடு இல்லை என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவீர்கள். அதே தரவுக்கு டூ-வே போட்டால் அந்தக் காரணியின் பி-மதிப்பு 0.0002! முதல் கணக்கில், அளவு மாறியதால் வந்த ஏற்ற இறக்கம் முழுவதும் பிழைக்கணக்கில் (காரணம் சொல்லாமல் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தில்) விழுந்து சாறு–அமில வேறுபாட்டை மூடிவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் சராசரிகளில் இருக்கிறது. 0.5 மி.கி.யில் சாறு 13.23, அமிலம் 7.98. 1 மி.கி.யில் 22.70, 16.77. 2 மி.கி.யில் 26.06, 26.14. குறைந்த அளவுகளில் சாறு முந்துகிறது, 2 மி.கி.யில் இரண்டும் ஒன்றுதான். ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவதைத்தான் இன்டராக்ஷன், இடைவினை என்கிறோம். இங்கே அதன் பி-மதிப்பு 0.022. தனித்தனியாகப் போட்ட ஒன்-வேக்கள் எத்தனை வந்தாலும் இது கண்ணில் படாது. என்னைக் கேட்டால், டூ-வே போடுவதே முக்கியமாக இதற்காகத்தான்.

இதை ஆரில் நீங்களே போட்டுப் பார்த்தால், டோஸ் வரிசையில் டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்; ஒரு காரணிக்கு அதன் வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 2 வருகிறதா என்று கவனியுங்கள். 1 வந்தால் மென்பொருள் அதை வெறும் எண்ணாக எடுத்திருக்கிறது. ஃபாக்டராக, அதாவது வகைகளாக, மாற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

இன்டராக்ஷன் சிக்னிஃபிகன்ட் ஆகிவிட்டது மேடம். இனி மெயின் எஃபெக்டை (ஒரு காரணியின் ஒட்டுமொத்த விளைவை) எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மேலே உள்ள தரவில் "சாறே மேல்" என்று மொட்டையாக எழுதினால், 2 மி.கி. கொடுத்தவருக்கு அது பொய். முதலில் சராசரிகளைக் கோட்டுப்படமாக வரையுங்கள். பிறகு ஒவ்வோர் அளவிலும் தனியாக ஒப்பிட்டு எழுதுங்கள்.

வயல் ஆய்வு, ஆர்.பி.டி. (வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா ட்ரீட்மென்டையும் குலுக்கல் முறையில் போடும் அமைப்பு). ஐந்து ட்ரீட்மென்ட், நான்கு ரெப்ளிகேஷன். எக்செல்லில் 'வித் ரெப்ளிகேஷன்', 'வித்தவுட் ரெப்ளிகேஷன்' என்று இரண்டு இருக்கிறது. எங்களிடம்தான் ரெப்ளிகேஷன் இருக்கிறதே, 'வித்' தானே?

இல்லை, 'வித்தவுட்'! வருடாவருடம் யாராவது ஒருவர் இதில் விழுகிறார். வேளாண்மையில் நாம் ரெப்ளிகேஷன் என்று சொல்வது பிளாக்கை. எக்செல் கேட்பதோ ஒரே கட்டத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அளவீடு உண்டா என்பதை. உங்களுக்கு ட்ரீட்மென்டுக்கும் பிளாக்குக்கும் சேரும் இடத்தில் ஒரே ஒரு பாத்திதான். மொத்தம் 20 பாத்தி: ட்ரீட்மென்டுக்கு டிஎஃப் 4, பிளாக்குக்கு 3, பிழைக்கு 12. இந்த அமைப்பில் இன்டராக்ஷனைப் பிரித்தெடுக்க முடியாது. அது பிழையோடு கலந்தே நிற்கும். வயல்காரர்கள் கூச்சப்பட வேண்டாம், அனோவாவே நம் பக்கத்துச் சரக்குதான். அனோவாவை உருவாக்கிய ஃபிஷர் 1923இல் மெக்கன்சியோடு எழுதிய கட்டுரை உருளைக்கிழங்கு ரகங்களையும் எருவையும் பற்றியது.

அதே 30 மாணவர்களுக்குப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்தேன். ஆண், பெண் இன்னொரு காரணி.

சாதாரண டூ-வே இதற்கு ஆகாது. ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. மிக்ஸட் அனோவா (ஒரே ஆளிடம் திரும்ப அளந்த காரணியும், ஆளுக்கு ஆள் மாறும் காரணியும் சேர்ந்தது) போடுங்கள்.

கட்டங்களில் எண்ணிக்கை சமமாக இல்லை. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் ஒரு விடை, ஆர் வேறு விடை தருகிறது.

இரண்டும் தப்பில்லை. ஏற்ற இறக்கத்தைக் காரணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வர்க்கக் கூட்டுத்தொகையில் (சம் ஆஃப் ஸ்கொயர்ஸ்) பல வகை உண்டு; எஸ்.பி.எஸ்.எஸ். வழக்கமாக டைப் 3 கொடுக்கும், ஆரின் 'ஏஓவி' கட்டளை டைப் 1. டைப் 1இல் எந்தக் காரணியை முதலில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். எதைப் போட்டீர்கள் என்று ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள்.

கட்டத்துக்கு மூன்று செடி, செடிக்குப் பத்து இலை அளந்தேன். மாதிரி எண்ணிக்கை (n) கட்டத்துக்கு 30 தானே?

3. உரம் போட்டது செடிக்கு, இலைக்கு அல்ல. செடிக்கு ஒரு சராசரி எடுத்து அந்த மூன்றை வைத்துப் போடுங்கள். பி-மதிப்பு ஏறத்தான் செய்யும். கைடிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.