சங்கம் பதிய ஏழு பேர் போதுமா?

கேள்வி: நிலாவெளி ஹோட்டலொன்றில் அறுபது பேர் வேலை செய்கிறோம். சேவைக் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. சங்கம் தொடங்க ஏழு பேர் போதும் என்கிறார்கள். பதிந்த பிறகும் முகாமைத்துவம் பேச மறுத்தால்?
– வாசகர், நிலாவெளி

பதில்: பதிவுக்கு ஏழு பேர் போதும், பேச்சுவார்த்தைக்குப் போதாது.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி ஏழு உறுப்பினர்கள் கையொப்பமிட்டு விண்ணப்பிக்கலாம். முதலில் கூட்டம் கூடி யாப்பை ஏற்று நிர்வாகிகளைத் தெரியுங்கள். கூட்ட அறிக்கையில் திகதி கட்டாயம் இருக்கட்டும். சங்கம் அமைந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திகதி இல்லாவிட்டால் அதை எங்கிருந்து எண்ணுவது?

வேறொரு சங்கத்தின் யாப்பைப் படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள். பணம் எதற்குச் செலவாகும், கணக்கை யார் பரிசோதிப்பார், உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம், சங்கத்தைக் கலைப்பது எப்படி என்பவை உங்கள் யாப்பில் தெளிவாக இருக்கவேண்டும். ஊர்ப் பெரியவரைத் தலைவராக்கும் ஆசை நம்மிடம் உண்டு. ஆக்கலாம், ஆனால் நிர்வாகிகளில் பாதிப்பேராவது அந்தத் தொழிலில் வேலை செய்பவர்களாக இருக்கவேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1999இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளரில் குறைந்தது 40 சதவீதம் அதில் உறுப்பினராக இருந்தால் முதலாளி பேச மறுக்கக்கூடாது. அறுபதில் அது 24 பேர். உறுப்பினர் தொகையில் தகராறு வந்தால் தொழில் திணைக்களம் இரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். ஆகவே 24உடன் நிற்காமல் முப்பதைத் தாண்டுங்கள்; மிரட்டினால் இரண்டு மூன்று பேர் பின்வாங்குவது நடக்கிற காரியம்தான். அதுவரை பட்டியல் சமையலறைக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீசன் முடிந்து ஆட்களைக் குறைக்கும்போது உங்கள் ஆதரவாளர்கள்தான் முதலில் வீட்டுக்குப் போவார்கள் என்றால், மே, ஜூனிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது.

மேன்பவர் ஏஜென்சி மூலம் வந்தவர்களைச் சேர்க்குமுன் அவர்களின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். சேமலாப நிதியை ஏஜென்சி கட்டுகிறதென்றால், 'அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை' என்று ஹோட்டல் கைகழுவப் பார்க்கும்.

பேச்சுக்கு அழைக்கும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையாவது நிறுத்தினால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கவேண்டும்.