இரண்டாவது ரவுட்டருக்குள் இருக்க வேண்டியவர்கள் விருந்தினரா, வீட்டாரா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். எங்கள் கணினியும் கேமராக்களும் அவர்களுக்கு எட்டாமலிருக்க, இன்னொரு ரவுட்டர் வாங்கி முதல் ரவுட்டரோடு இணைத்து, அதன் வைஃபையை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. இரண்டாவது ரவுட்டர் வாங்கும் எண்ணம் சரியானதே. ஆனால் அதற்குள் இருக்க வேண்டியவர்கள் விருந்தினர் அல்லர், நீங்கள்தான்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். சேலம் சிவதாபுரத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் கொலுசுப் பட்டறையும் மாடியில் குடியிருப்பும் இருக்கின்றன. பட்டறையில் வேலை செய்பவர்களின் கைப்பேசிகளுக்கென்று பழைய ரவுட்டர் ஒன்றை மாட்டிவிட்டு, வெள்ளிக் கணக்கு இருக்கும் கணினியும் கேமராப் பதிவுப் பெட்டியும் இனிப் பத்திரம் என்று ஆறேழு மாதம் நிம்மதியாக இருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகன் பட்டறை வைஃபையில் இருந்தபடியே அந்தப் பெட்டியின் எண் முகவரியைத் தட்டி, அதன் நுழைவுப் பக்கத்தைத் திறந்து, "மாமா, இது எப்படி இங்கே வருகிறது?" என்று காட்டினான்.

வந்ததில் வியப்பில்லை. ரவுட்டர் என்பது உள்ளிருந்து புறப்படும் கோரிக்கை ஒவ்வொன்றையும் குறித்துவைத்துக்கொண்டு, அதற்குரிய மறுமொழியை மட்டும் உள்ளே விடுகிறது. கேட்காமல் வெளியிலிருந்து வருவதற்குக் குறிப்பு இல்லாததால் அதைத் தள்ளிவிடுகிறது. எனவே, இரண்டாவது ரவுட்டருக்குள் இருக்கும் கருவி முதல் ரவுட்டரின் வலையமைப்பைத் தாராளமாக எட்டிவிடும். முதல் ரவுட்டரில் இருக்கும் கருவியால் இரண்டாவதன் உள்ளே தானாக நுழைய முடியாது. பழைய வீடுகளில் வழிப்போக்கர் திண்ணையில் படுப்பார்கள், வீட்டார் உள்ளே படுத்துக் கதவைத் தாழிடுவார்கள். நான் செய்தது வழிப்போக்கரை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, பெட்டி சாவியோடு நான் திண்ணையில் படுத்த கதை.

ஆகவே, இணைய நிறுவனத்தார் பொருத்திய முதல் ரவுட்டரைத் திண்ணையாக வைத்துக்கொண்டு, அதன் லேன் போர்ட் (LAN, வீட்டுக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் துளை) ஒன்றிலிருந்து வரும் கேபிளைப் புதிய ரவுட்டரின் வான் போர்ட்டில் செருகி (WAN, இணையம் உள்ளே வரும் துளை; ஆகாயத்துக்கும் இந்த வானுக்கும் தொடர்பில்லை), உங்கள் கணினி, பிரிண்டர், குடும்பத்தாரின் கைப்பேசிகள் அனைத்தையும் புதியதன் வைஃபைக்கு மாற்றிவிடுங்கள். கேபிளைப் பொருத்த வருபவர்கள் பழக்கத்தில் லேனிலிருந்து லேனுக்கே இணைத்துவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் வைஃபை எட்டும் தூரம் கூடுமே தவிர, பிரிவினை எதுவும் நிகழாது. இரண்டு பெட்டிகளின் உள் முகவரிகளும் வேறுபட்டிருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். முதலாவது 192.168.1 என்று தொடங்கினால், இரண்டாவதை 192.168.50 என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் இணையமே நின்றுபோகக்கூடும்.

கேமராவை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய இடம். அது விருந்தினர் பார்க்கக்கூடாத பொருள். அதே சமயம் முழுதாக நம்பத்தக்க பொருளும் அன்று. 2016ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் கிடந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் வீட்டு ரவுட்டர்களையும் பெருந்தொகையாக வசப்படுத்தி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. அதனால் கேமராவைக் கணக்குக் கணினிக்குப் பக்கத்தில் உட்காரவைக்க எனக்கு மனமில்லை. முதல் ரவுட்டரில் விருந்தினர் வலையமைப்பு என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விருந்தினருக்கு அதை மட்டும் கொடுத்து, அதிலிருந்து உள் வலையமைப்பை அணுகும் அனுமதியை நிறுத்திவிட்டு, கேமராப் பெட்டியை அதே ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளால் இணையுங்கள். அப்போது விருந்தினருக்குக் கேமரா எட்டாது, கேமராவுக்கு உங்கள் கணினி எட்டாது, நீங்களோ உள்ளிருந்து கேமராவைப் பார்க்கலாம். எங்கள் பட்டறையில் இப்போது இந்த ஏற்பாடுதான் ஓடுகிறது. அந்த வசதி இல்லையென்றால் மூன்றாவது ரவுட்டர் ஒன்றை விருந்தினருக்கென்று, இரண்டாவதைப் போலவே முதலாவதன் கீழ் தனியாக மாட்ட வேண்டும். கேமரா அப்போது உங்கள் ரவுட்டருக்குள்தான் வர வேண்டியிருக்கும்.

இரண்டு ரவுட்டர்களின் நிர்வாகக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். முதல் ரவுட்டரின் ரீசெட் பொத்தானை அழுத்தி எவரும் அதன் அமைப்பைக் கலைத்துவிடலாம் என்பதால், அது விருந்தினர் கைபடாத இடத்தில் இருப்பது நல்லது. வைஃபை கடவுச்சொல்லைத் தட்டாமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ சேரவிடும் டபிள்யூ.பி.எஸ். (WPS) வசதியை நிறுத்திவிடுங்கள்.

சில அசௌகரியங்களும் உண்டு. கைப்பேசியில் இருப்பதைத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டுமானால் இரண்டும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும். ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர் இருப்பதால், வெளியிலிருந்து நேரே உள்ளே வழி கேட்கும் சில விளையாட்டுகள் முரண்டு பிடிக்கும். வீடியோ அழைப்புக்கும் வங்கிப் பணிக்கும் ஒன்றும் ஆகாது. பழைய ரவுட்டரை எடுத்துப் பயன்படுத்தினால், அதன் போர்ட்கள் 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு மேல் தராத வகையாக இருக்கலாம், 300க்குப் பணம் கட்டிவிட்டு மாடியில் 95ஐத் தாண்டவில்லையே என்று நான் இரண்டு வாரம் நிறுவனத்தாரை வீணாகத் திட்டினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரு பெட்டிகளுக்கும் 1, 6, 11 ஆகியவற்றில் வெவ்வேறு சேனல்களைக் கொடுத்து, இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்காமல் வையுங்கள்.

உங்கள் விருந்தினர் அறைகள் காப்பிச் செடிகளுக்கு நடுவே தனிக்கட்டடமாக இருந்தால், சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் செல்லாது. அதற்குள் அடங்கினாலும், மலையில் இடி மின்னல் காலத்தில் திறந்தவெளியில் செம்புக் கேபிளை இழுப்பதைவிடக் கண்ணாடியிழைக் கேபிளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எல்லாம் முடிந்த பின், கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு விருந்தினர் வைஃபையில் சேர்ந்து, உங்கள் உள் ரவுட்டரின் முகவரியையும் கேமராப் பெட்டியின் முகவரியையும் உலாவியில் தட்டிப் பாருங்கள். இரண்டும் திறக்கக்கூடாது. ஏதேனும் ஒன்று திறந்தால், முதலில் கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், விருந்தினர் வலையமைப்பில் அனுமதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.