பொலித்தீன் மூடியும் உருளைக்கிழங்கு கருகியது ஏன்?

இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதியிலுள்ள கந்தப்பளையில் மரக்கறி பயிர்செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: "துகள் உறைபனி விழுந்த இரவில், சுவரில் தொங்கும் வெப்பமானி 3 பாகை காட்டியது. உருளைக்கிழங்குப் பாத்திகள் மேல் தெளிந்த பொலித்தீன் விரித்திருந்தேன். விடிந்து பார்த்தால் இலைகள் கருகிவிட்டன. பழைய சணல் சாக்குப் போட்ட ஒரு பாத்தி மட்டும் தப்பியது. பூச்சியத்துக்கு இறங்காமலே எப்படி உறைந்தது? காற்றுப் புகாத பொலித்தீன் ஏன் காக்கவில்லை?"

வெப்பமானி சொன்னது சுவரோரக் காற்றின் கணக்கு. இலையின் கணக்கு வேறு. மேகமில்லாத, காற்றசையாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்குக் கதிராக வீசி, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை கூடுதலாகக் குளிர்ந்துவிடும்.

ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் அதிகமாகக் கதிர் வீசும் என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் 1893இல் கண்டறிந்தார். செல்சியஸ் பாகையுடன் 273ஐக் கூட்டுங்கள், கிடைப்பது கெல்வின் அளவு. அந்த எண்ணால் 2,898ஐ வகுங்கள். உச்ச அலைநீளம் மைக்ரோமீற்றரில் கிடைத்துவிடும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின், விடை 0.5, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. அடுப்பில் கனலும் விறகுக்கட்டை சுமார் 1,000 கெல்வின், விடை 2.9. கட்டையின் சிவப்பு அந்தக் கதிரின் ஓரத்துத் துளிதான், குளிர்காய வைப்பது கண்ணுக்குத் தெரியாத மீதி. பூச்சியத்தை நோக்கி இறங்கும் வழியில் 1 பாகையில் நிற்கும் உங்கள் இலைக்கு விடை 10.6.

இந்த 10.6 தான் பயிரைக் கெடுத்தது. 8 முதல் 13 மைக்ரோமீற்றர் வரை தெளிந்த காற்று திறந்த ஜன்னல் போன்றது. அந்தக் குளிரிலும் ஒரு சதுர மீற்றர் இலைப்பரப்பு ஏறத்தாழ 320 வாட் வீசுகிறது. மேகமோ மூடுபனியோ இருந்தால் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். நுவரெலியா உயரத்தில், வறண்ட தெளிந்த வானம் திருப்பித் தருவது அதைவிடக் குறைவு.

மெல்லிய பொலித்தீனும் அந்த அலைநீளத்துக்குத் திறந்த ஜன்னல்தான்! கண்ணாடி அப்படியல்ல, வெயிலை உள்ளே விடும், 10 மைக்ரோமீற்றர் கதிரை மறிக்கும். சணல் சாக்கு இலையின் கதிரை உறிஞ்சி, ஒரு பங்கை இலைக்கே திருப்பி வீசுகிறது. துணியின் நிறம் பொருட்டல்ல. வெள்ளைப் பருத்திச் சேலைகூட இந்தக் கதிருக்குக் கறுப்புத்தான்.

தொழிற்சாலைகளில் தொடாமல் சூடு பார்க்கும் வெப்பமானி கிடைத்தால் சோதித்துப் பாருங்கள். கரி பிடித்த கேத்தலில் வெந்நீர் ஊற்றி, சற்றுத் தள்ளி நின்று அளவெடுங்கள். இடையில் மெல்லிய பொலித்தீனைப் பிடித்தால் அளவு சற்றுக் குறையும், ஆனாலும் கேத்தலின் சூடு தெரியும். கண்ணாடித் துண்டைப் பிடித்தால் கண்ணாடியின் குளிர்தான் தெரியும்.

ஆகவே சாக்கு, பழைய சாரம், படுக்கை விரிப்பு எதுவானாலும் போடுங்கள். கையில் பொலித்தீன்தான் இருக்கிறது என்றால் அதன்மேல் சாக்கை விரியுங்கள். கம்பு நட்டு, இலையில் படாமல் மூட வேண்டும். பட்ட இடம் கருகும். பகலிலேயே மண்ணை நனைத்துவிடுங்கள். ஈர மண் வெயிலின் சூட்டைக் கூடுதலாகச் சேமித்து இரவில் விடும். அந்தச் சூடு வெளியேறுமுன், பொழுது சாயும்போதே மூடிவிட்டு, காலையில் பனி உருகியதும் எடுத்துவிடுங்கள்.